எந்தப் பிரைமர் என்று நைனா கேட்கிறார்

குடிபாலா
26.9.99, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு ரமணாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுகிறேன். இங்கே நானும் உன் நைனாவும் இருக்கிறோம். சத்தியவேட்டில் உன் தங்கை பிரேமலதா, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் சுகம். நீ சார்ஜாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஜுரம் காய்ச்சல் அண்டாமல் நல்லபடியாக இருக்கணும் என்று காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எங்களைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதாமல் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாளே என்று பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. நைனாவுக்குச் சுகர் இருக்கிற இடத்தில் இருக்கிறது, எனக்கு முட்டி வலி எப்போதும் போல. அலுப்பு, அவ்வளவுதான். படுத்து எழுந்தால் போகிற அலுப்பாக இருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மாப்பிள்ளையின் தம்பி தமிழரசு முப்பதாம் தேதி மெட்ராசில் பிளேன் ஏறுகிறான், அவனுக்கும் உங்கள் சார்ஜாதான், ஏதோ குடோனில் வேலையாம். எலுமிச்சங்காய் ஊறுகாயும் வேர்க்கடலைப் பொடியும் கட்டி, அதோடு இதையும் அவன் கையில் கொடுக்கிறேன். முதல் தடவை போகிற பிள்ளை, நீ போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வா, எங்கே அரிசி கிடைக்கும், எந்த பஸ் ஏறணும் என்று சொல்லிக் கொடு. தபாலில் போட்டால் உன் கைக்கு வரப் பதினைந்து நாள், உன் பதில் வர இன்னொரு பதினைந்து நாள், அத்தனை நாள் என்னிடம் இல்லை. போனில் சொல்லலாமே என்பாய். நீ பஸ் ஸ்டாப் பூத்துக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிடும்போதெல்லாம் நைனாவும் கூடவே வருகிறார், உள்ளே வர மாட்டார், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ரேட் போர்டைப் படிக்கிற மாதிரி நிற்பார், காது மட்டும் உள்ளே இருக்கும். நான் எழுதப் போகிற விஷயத்தை அவர் காது கேட்கச் சொல்ல முடியாது.

முதலில் வண்டி. நம் கறுப்பு அம்பாசிடர் இப்போது கறுப்பாக இல்லை, எந்த நிறத்திலும் இல்லை, கொட்டகையில் வெறும் தகரமாக நிற்கிறது. நீ போன பிறகு நைனா அதை டாக்சி ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொண்டு போகவே இல்லை, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார், பின் சீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டு இருந்தது. கொஞ்ச நாள் வேறு ஒருத்தருடைய சுமோவைத் திருப்பதிக்கு ஓட்டினார், கண் மங்கலானதும் அதையும் விட்டார். இந்தப் பொங்கலுக்கு மறுநாள் திடீரென்று தார்ப்பாயை எடுத்தார். ஆவணியில் டிங்கர் முனிகிருஷ்ணன் வந்து பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டினான். கறுப்புக்குக் கீழே இன்னொரு கறுப்பு, அதற்குக் கீழே நீ சின்னப் பிள்ளையில் பார்த்த பச்சை, அதற்கும் கீழே கம்பெனி அடித்த வெள்ளை, எல்லாம் போய்விட்டது. நாலு கதவின் கீழ்ப்பக்கமும் டிக்கி அடியும் உளுத்திருந்ததை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறான். யார் ஓட்டப் போகிறார்கள் இதை என்று கேட்டேன், நைனா வெல்டிங் போட்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டு இருந்தார்.

இப்போது சண்டையெல்லாம் அந்தத் தகரத்தின் மேல் முதல் பூச்சாக எந்தப் பிரைமரைப் பூசுவது என்பதில்தான். பெயிண்டர் அப்பாவு வந்து பார்த்துவிட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிச்சா ஒரு மணி நேர வேலை, இதுக்கு இன்னாத்துக்கு ஜாதகம் பார்த்துக்கினு கீறே என்றான். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. எண்பத்தாறில் இதே அப்பாவு ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் லாக்கர் பெயிண்ட் அடித்ததும் பானெட் முழுக்க அப்பளம் மாதிரி சுருங்கிக்கொண்டதே, நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதுகூட ரெட் ஆக்சைடை விட்டுக்கொடுக்காத மனிதர், இப்போது அது கேட்டுக்கும் கட்டிலுக்கும்தான் சரி, மேலே தின்னர் பட்டா எழும்பிக்கும் என்று அப்பாவுக்கே பாடம் சொல்கிறார். சித்தூர் பெயிண்ட் கடையில் மஞ்சளாக ஜிங்க் குரோமேட் என்று ஒன்று காட்டினார்கள், புதுத் தகட்டுக்கு அதுதான் என்று முனிகிருஷ்ணன் சத்தியம் செய்தான். நைனா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மேஜை மேல் வைத்துவிட்டு, எம்புள்ள இன்னா சொல்றானோ அதுதான், அவன் தினம் நாலு காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் என்றார். கடைக்காரர் முன்னால், அப்பாவு முன்னால், அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் கடையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அவர் கேட்கச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், பத்து நாளாக இதற்காக என் உயிரை எடுக்கிறார். சித்திரையில் வந்த கடிதத்தில் எட்ச் பிரைமர் என்று எழுதியிருந்தாய், அதில் ஆசிட் இருக்கிறது, தகரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும் என்று. ஆனி மாதக் கடிதத்தில் எபாக்சி, ரெண்டு டப்பாவைக் கலந்து அன்றைக்கே அடித்துவிடணும், அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று. ரெண்டில் எது என்று கேட்கிறார், இல்லை ஒன்றின் மேல் ஒன்றா? பள்ளத்தை அடைக்கப் பட்டி பார்ப்பது தகரத்தின் மேலேயா, பிரைமர் அடித்து அதன் மேலேயா, அப்பாவு தகரத்தின் மேல்தான் என்கிறான். பழைய தகரத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது, புதுத் தகடு வழவழவென்று இருக்கிறது, ரெண்டுக்கும் ஒரே பிரைமர் பிடிக்குமா? எபாக்சி சித்தூரில் இல்லை, கடைக்காரர் சென்னையிலிருந்து நாலு நாளில் வரவழைக்கிறேன் என்கிறார், எந்தப் பேர் சொல்லி ஆர்டர் கொடுப்பது? அப்புறம் அடிக்கிறதுக்கு முன்னால் தகரத்தை எதால் துடைக்கணும், பெட்ரோலா தின்னரா? இதெல்லாம் அவர் கேட்டது. எட்டாம் கிளாஸ் படித்த எனக்கு இந்த வயதில் இந்தப் பேரெல்லாம் பாடம் ஆகிவிட்டது, மிளகாய்த்தூள் வாங்கப் போய்க் கடையில் எபாக்சி இருக்கிறதா என்று கேட்காததுதான் பாக்கி.

வெறும் தகரம் ஒரு நாள்கூடச் சும்மா இருக்காது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் இங்கே ஒரு பழுப்பு, அங்கே ஒரு பழுப்பு. காபி குடித்ததும் நைனா எமரித் தாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுகிறார், ஒரு மாதமாக இதுதான் வேலை. நேற்றுத் தேய்த்த இடத்தை இன்றைக்கும் தேய்க்கிறார். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்கிறார். இன்னும் பத்து நாள் இப்படியே தேய்ச்சா ஓட்டை வுழும் பெரீப்பா என்று முனிகிருஷ்ணன் சொல்லிவிட்டான். புரட்டாசி பிறந்து சாயங்காலம் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. இதில் நான் வேறு ஒரு வேலை பார்த்தேன். முதல் சனிக்கிழமை அன்றைக்கு எல்லாருடைய வண்டிக்கும் பொட்டு வைக்கிறார்கள், நம்முடையது மட்டும் மொட்டையாக நிற்கக் கூடாது என்று ஈரக் கையோடு மஞ்சள் குழைத்து பானெட்டில் மூன்று பொட்டு, கதவுக்கு ஒரு பொட்டு என்று வைத்து, கையை ஊன்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் பொட்டு வைத்த இடமெல்லாம் துரு, என் அஞ்சு விரலும் கதவில் துருவாக நிற்கிறது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். உப்பும் எண்ணெயும் கீற கை, அது மேல பிரைமர் நிக்குமான்னு அவனையே கேளு என்றார். ஆகவே அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் நான் எழுதுவதை நிதானமாகப் படி. நைனாவுக்கு நீ பிரைமர் சொல்லப் போவதாக எப்போதாவது எழுதினாயா? இல்லை. நாலு வருஷத்தில் முப்பத்தொரு கடிதம் போட்டிருக்கிறாய், எல்லாம் பெட்டியில் இருக்கிறது, ஒன்றிலும் நைனா என்கிற வார்த்தையே கிடையாது. உனக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தமிழ் நான் வீட்டில் ஸ்லேட்டில் எழுதிக் கொடுத்தது. நைனாவுக்குத் தமிழ் படிக்க வராது, எனக்குத் தெலுங்கில் பஸ் போர்டுக்கு மேல் வராது. நீ தமிழில் எழுதுவது அம்மா படிக்கணும் என்பதற்காகத்தான் என்று நீ சொன்னால் பாதி நிஜம், மீதிப் பாதி என்ன என்று பெற்றவளுக்குத் தெரியும். உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கு அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் படிக்கப் படிக்கக் கேட்டார். முடித்தேன். அவ்ளோதானா என்றார். அந்த அவ்ளோதானாவை நீ கேட்டிருக்கணும் ரமணா. இரு இரு, ஓரத்தில் ரெண்டு வரி இருக்கிறது என்று சொல்லி, நைனாவுக்கு சுகர் மாத்திரை தவறாமல் வாங்கிக் கொடு என்று எழுதியிருக்கிறான் என்று படித்தேன். அப்படி ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓரத்தில் ரெண்டு வரி. நைனா வெயிலில் போகிறாரா, நைனா கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் காட்டினாரா, எல்லாம் நான் எழுதினது, காகிதத்தில்கூட இல்லை, வாயால் எழுதினது. சிவசங்கரன் மாமாவுக்கு என்று நீ அனுப்பின கோடு போட்ட சட்டையை நைனாவுக்கு என்று கொடுத்துவிட்டேன், என் கூடப் பிறந்தவனிடம் பார்சல் தொலைந்தது என்று பொய் சொன்னேன். தோளில் பிடிக்கிறது, பட்டன் போட்டால் மூச்சு முட்டுகிறது, திருமலைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு தடவை, நைனான்னு எங்க எழுதிக்கீறான், காட்டு என்று கடிதத்தை நீட்டினார். வேலை என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். இப்போது கடிதம் வந்தால் அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வார்த்தையைத் தேடுகிறார், இந்தத் தபா நாலு எடத்துல எழுதிக்கீறான் என்கிறார். நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவேன்.

பொங்கலுக்கு வந்த கடிதத்தில் வண்டி எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதாகப் படித்தேன், மறுநாள்தான் தார்ப்பாயை எடுத்தார். ஆனியில் உன் கை வெடித்துப் போனதையும் எபாக்சி நாற்றத்தையும் நீ எழுதியிருந்தாய், அதைப் படித்ததும், நம்ப வண்டிக்கு இன்னா போடணும்னு எதுனா சொல்லிக்கீறானா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சுவரைப் பார்த்துக் கேட்கிற மனிதர் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் யோசிக்காமல், எல்லாவற்றையும் வெறும் தகரம் வரைக்கும் சுரண்டி எடுங்கள், எதையும் பூசிவிடாதீர்கள், எந்தப் பிரைமர் என்று நான் விசாரித்து எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறான் என்றேன். நீ அதே கடிதத்தில் உங்கள் கராஜில் செய்கிறதாக எழுதியிருந்ததை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஆவணியில் ஒரு கடிதம் வந்தது, அதில் நீ ரூம் மாறினதைத் தவிர ஒன்றும் இல்லை, இன்னும் விசாரித்துக்கொண்டு இருக்கிறானாம் என்று சமாளித்தேன். இனிமேல் சமாளிக்க எனக்குத் தெம்பு இல்லை. ரெட் ஆக்சைடு என்று நானே ஒரு பேரைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நேற்றுக் கொட்டகை வரைக்கும் போனேன். தப்பாகச் சொல்லி, பானெட் மறுபடி சுருங்கிப்போனால் எம்புள்ள தப்பா சொல்லிட்டான் என்று அவர் மனசு உடைந்துபோகும், இல்லை, நீ வேண்டுமென்றே சொன்னாய் என்று நினைத்துக்கொள்வார். திரும்பி வந்துவிட்டேன்.

அவர் உன்னை ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் அடித்தது தப்புத்தான். இருபத்துநாலு வயசுப் பிள்ளையைக் கை நீட்டலாமா என்று அன்றைக்கே நான் சோறு போடாமல் சண்டை போட்டேன், உனக்கு அது தெரியாது, நீ அதற்குள் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற நகரி ஏஜெண்டைப் பார்க்கப் போய்விட்டாய். நீ மட்டும் லேசா? இந்த இரும்புக் குப்பையைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு சுமோ வாங்கு என்று பானெட்டைக் காலால் உதைத்தாய், அந்த வண்டியை ஓட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தார். ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு, நடுவில் நான் தபால்காரி. நாலு வருஷமாக உங்கள் ரெண்டு பேருக்கும் பேச்சு சப்ளை பண்ணி எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, அவரை மன்னிக்கவும் சொல்லவில்லை, ஆசையாக நாலு வார்த்தை பேசு என்றுகூடக் கேட்கவில்லை. எந்த டப்பா வாங்கணும், எதால் துடைக்கணும், அது மட்டும் சொன்னால் போதும். தமிழரசு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, உனக்கு லீவுதானே, பூத்துக்குப் போன் பண்ணு. கமலம்மாவைக் கூப்பிடு என்று சொல்லாதே, நைனா பேரைச் சொல்லி ரங்கையாவைக் கூப்பிடு என்று சொல். நான் அன்றைக்கு முட்டி வலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

இதை எழுதிக்கொண்டு இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். உள்ளங்கையால் காகிதத்தை மூடினேன், மூடி என்ன, அவருக்கு எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். கேட்கச் சொன்னதெல்லாம் எழுதிட்டியா, பொட்டு வெச்சதையும் எழுதிட்டியா என்றார். எழுதிவிட்டேன் என்றேன். அப்புறம், பின்பக்கம் காலியா கீதா, பேனாவைக் குடு என்றார். வீங்கின கையோடு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார், நான் சோறு வடித்து, குழம்பு தாளித்து, தட்டு வைத்துக் கூப்பிட்டேன், அப்போதும் எழுதிக்கொண்டு இருந்தார். தெலுங்கில், பக்கம் முழுக்க, ஓரத்தில்கூட இடம் விடாமல். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். பிரைமரப் பத்திதான், வேற இன்னா என்றார். இருக்கட்டும். அதில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை, அதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவும் இல்லை. நீ படித்துக்கொள்.

ஸ்ப்ரே அடிக்கும்போது மூக்கு மூடிக்கொள்வதை மறக்காதே, வெடித்த கைக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவு. தமிழரசிடம் ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்து வாங்கு, மூடி கொஞ்சம் லூஸ். ஆயுசும் பலமும் உனக்கு நிறைய வரணும், போன இடத்தில் நல்ல பேர் எடுத்து, கால் கை நோகாமல் வீடு வந்து சேரணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் பண்ணு, அதற்கு முன்னால் பண்ணினால் அவர் கொட்டகையில் தேய்த்துக்கொண்டு இருப்பார்.

உன் அம்மா
ரங்கையா கமலம்மா